சம்பந்தியின் கொத்சும் என் சுறாப்புட்டும்

2012-ஆம் வருஷம், மாசி மாசம் என்று நினைக்கிறேன். கடலூர் முதுநகரில் எங்கள் மாடி வீட்டு டீச்சர், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார். "யம்மா, ஒங்க சம்பந்தி கொத்சு பண்றத வந்து பாருங்க" என்றார்.

பார்த்தேன். சிதம்பரத்தில் என் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டின் அடுப்படி. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு சம்பந்தியம்மா கத்தரிக்காய் வதக்குகிறார். வாயே திறக்கவில்லை. படம் பிடிக்கிற என் மகளின் குரல்தான் கேட்டது: "எங்க அத்த கைப்பக்குவம் யாருக்கும் வராது!"

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காது நன்றாகக் கேட்கும். வயிறு பற்றி எரிந்தது. கறிவேப்பிலையைக்கூடப் பொறுக்கி எடுத்துவிட்டு இவளுக்குச் சோறு ஊட்டியவள் நான்!

நாமே எடுத்த வீடியோவை இன்டர்நெட்டில் போட்டால், கூடவே விளம்பரம் ஓடுமாம். அதற்கு நமக்கும் பங்கு தருவார்களாம். டீச்சர் விளக்கினார். காசு கிடக்கட்டும். உலகமே பார்க்கிற இடத்தில் அம்மா இல்லை, அத்தை இருக்கிறாள். அதுதான் ஆறவில்லை. அந்தக் கொத்சு நன்றாகத்தான் இருக்கும், பொய் சொல்லக் கூடாது. கல்யாணத்தன்று அதற்காகவே நாலு இட்லி கூடத் தின்றேன். அது வேறு கதை.

மறுநாள் காலை துறைமுகத்துக்குப் போய் நல்ல பால்சுறாவாக வாங்கி, கூடையில் போட்டு பஸ் ஏறினேன். அவர்கள் வீட்டில் செவ்வாய், வெள்ளி கவிச்சி கிடையாது. நல்லவேளை, அன்று புதன்.

"ஏம்மா, பஸ்ஸுல மீன எடுத்தாறியே, நாறுதில்ல?" என்றார் கண்டக்டர்.

"மீன் இல்லப்பா, சுறா. சம்பந்தி வூட்டுக்குப் போவுது. டிக்கெட்ட குடு" என்றேன்.

என்னைப் பார்த்ததும் மகள், "போன் பண்ணிட்டு வரக் கூடாதாம்மா?" என்றாள்.

"ஒங்க அத்தைய மட்டுந்தான் புடிப்பியா? என்னையும் புடிடி."

கேமராவை எடுத்தாள். எனக்கு அமைதியாக நின்று சமைக்க வராது. "என்னாடி, எழவு வூடாட்டம் இருக்கு? டேப்ல பாட்டு போடு" என்றேன். போட்டாள். சுறாவை வேகவைத்துத் தோலை உரித்தேன், உதிர்த்தேன், வெங்காயம் வதக்கினேன். வாய் மட்டும் ஓயவில்லை. இவள் சின்ன வயதில் சூடான புட்டைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டு ஓடி, தொடையைச் சுட்டுக்கொண்டதைச் சொன்னேன். "யம்மா, அதெல்லாம் சொல்லாத!" என்று சிரித்ததில் அவள் கையும் ஆடியது, படமும் ஆடியது. சம்பந்தியம்மா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வாரம் கழித்து மகள் போன் செய்தாள். "யம்மா, ஒன் வீடியோக்குக் காசு வராதாம். பின்னால ஓடுன பாட்டு நம்முளுது இல்லியாம். சொந்தமா எடுத்ததுக்குத்தான் குடுப்பாங்களாம்."

மகள் வீட்டு அடுப்படியில் பாட்டு ஓடியது எங்கேயோ இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். யாராக இருக்கும்? அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே கேட்டுவிட்டேன்:

"சம்பந்தி, நீங்கதான என்னைப் போட்டுக் குடுத்தது?"

அவர் திகைத்துப் போனார். "எனக்கு அந்தப் பொட்டியத் தொறக்கவே தெரியாதுங்க. பாட்டு எதுன்னு அந்த மிஷினே கண்டுபுடிச்சிடுமாம், மருமவ சொல்லிச்சு." முந்தானையைத் திருகிக்கொண்டே சொன்னார்: "ஆனா பொறாமைப்பட்டது நெசம். ஒங்க வீடியோவ மருமவள போடச் சொல்லி நாலஞ்சு வாட்டி பாத்துட்டேன். அதுல மருமவ சிரிக்குது பாருங்க, அப்பிடி எங்கிட்ட ஒருவாட்டி சிரிச்சதில்ல. எதச் சொன்னாலும் 'சரிங்கத்த'தான்."

சண்டை போட வந்த நான் செருப்பைக் கழற்றிப் போட்டேன். உள்ளேயிருந்து வந்த மகள், "காசு வராட்டிப் போவுது. அந்த வீடியோவ அழிக்க மாட்டேன், அப்பிடியே கெடக்கட்டும்" என்றாள்.

அன்று சாயங்காலமே சம்பந்தியம்மா கொத்சு கிண்ட, நான் பேச, பாட்டே இல்லாமல் ஒரு வீடியோ எடுத்தோம். என் மகள் சிரித்த சிரிப்பில் சம்பந்தியம்மாவும் கரண்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தார்.

இப்போதும் மகள் அத்தையைப் புகழ்ந்தால் எனக்குச் சுருக்கென்றுதான் இருக்கிறது. ஆனால் நான் யாரைப் பார்த்து வெந்துகொண்டிருந்தேனோ, அவர் என்னைப் பார்த்து வெந்துகொண்டிருந்தார் என்று நினைக்கும்போது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.