டேம்சல் மீன் காவல் காத்த தொட்டி

போன மார்கழியில், மைசூரு ஹெப்பாளில் நானும் என்னோடு வேலை பார்க்கும் நண்பனும் தங்கியிருந்த மாடி வீட்டில் நடந்தது இது.

எனக்குக் கடல் மீன் பைத்தியம். உப்புநீர்த் தொட்டியில் ஒரே ஒரு நீல டேம்சல் வளர்த்தேன். கட்டைவிரல் அளவுதான், திமிரோ திமிங்கில அளவு! கடலில் இந்த இனம் பவளப்பாறையில் ஒரு பொந்தைப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு பெரிய மீன் வந்தாலும் பாய்ந்து விரட்டும். என் தொட்டியிலும் அதே அதிகாரம்தான்.

அன்று இன்னொரு மீன் வாங்கி வந்தோம். அப்படியே விட்டால் பழையது அதைக் கடித்தே கொன்றுவிடும். கற்களை இடம் மாற்றினால், தன் எல்லை எதுவென்று புரியாமல் கொஞ்சம் அடங்கும். வாளியில் தண்ணீர் எடுத்ததில் தரையெல்லாம் ஈரம். கொள்ளேகால்காரனான நண்பன், "நகருடா, நான் மாத்தறேன்" என்று வெறுங்காலோடு நின்று தொட்டிக்குள் கையை விட்டான். டேம்சல் பாய்ந்து கடித்தது.

"ரவுடிப் பயலா இருக்குது உன்ற மீனு!"

சிரித்தோம். அப்போது அவன் தூக்கிய கல் நழுவி, தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டரின் கண்ணாடிக் குழாய்மேல் விழுந்து அதை உடைத்தது. அவன் முகம் கோணியது. மறு கை தொட்டியின் இரும்பு ஸ்டாண்டை இறுக்கிப் பிடித்திருந்தது.

"நடிக்காதடா" என்றேன்.

அவன் பல் கிட்டியிருந்தது. டேம்சல் மட்டும் ஒன்றுமே நடக்காதது போல் அவன் விரலைக் கொத்திக்கொண்டிருந்தது. மீன் நீந்துகிறதே, தண்ணீரில் கரண்ட் எப்படி இருக்கும்? இழுத்துவிடலாம் என்று அவன் தோளுக்குக் கையை நீட்டினேன்.

"ஏய், முட்டபேடா! தொடாத!"

வாசலில் கீழ்வீட்டு ஆன்ட்டி. எங்கள் உப்புத் தண்ணீர் அவர் துளசிமேல் சொட்டுகிறதென்று சண்டை போட வந்தவர். பாய்ந்துபோய் மாடிப்படியருகே இருந்த மெயின் ஸ்விட்சை அணைத்தார். நண்பன் தரையில் சரிந்தான். அவன் மார்பில் காதை வைத்தேன்; என் இதயம் அடித்த சத்தத்தில் அவனுடையது கேட்கவே இல்லை. செத்துவிட்டான் என்றே நினைத்தேன். பிறகு இருமினான்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில் ஆன்ட்டி அவன் கையைத் தேய்த்தபடியே என்னைத் திட்டினார்: "மீன் நல்லா ஆடுது, இவன் சாகுறான். புத்தி இல்வா உனக்கு?"

தண்ணீருக்குள்ளேயே இருந்த மீன் வழியாகக் கரண்ட் பூமிக்குப் போகவில்லை. ஈரத் தரையில் நின்ற அவன் வழியாகப் போனது. நண்பன் நலமாகிவிட்டான். நான் இன்றும் எல்லா ப்ளக்கையும் பிடுங்கிய பிறகுதான் தொட்டியில் கை வைக்கிறேன். அப்போதும், எனக்குத் தெரிந்ததாக நான் நினைக்கும் விஷயங்களைப் பற்றிய பயம் விரல் நுனியில் வந்து நிற்கிறது.