பிடுங்காத கிழங்கு

ராசிபுரத்துப் பக்கம் சௌந்திரத்துக்கு நான்கு ஏக்கர் குச்சிக்கிழங்குக் காடும், அந்த மரவள்ளியை அரைத்து ஜவ்வரிசி ஆக்கும் ஊர் ஆலையில் ஒன்பது பங்கும் இருந்தன. வெளி வியாபாரிகள் எடையில் அடித்த கொள்ளை பொறுக்காமல், எழுபத்திமூன்றாம் வருஷம் இருபது குடியானவர்கள் நூறு பங்கு போட்டுக் கட்டிய ஆலை அது. புருஷன் சென்னிமலை காலமானபின் அவர் பங்கு இவள் பேருக்கு வந்தது.

எண்பத்திநான்கில் சேலத்து வியாபாரி தங்கமுத்து அந்த ஆலையை வளைக்கக் கிளம்பினார். கைக்காசு கொஞ்சம்தான், மீதியெல்லாம் வட்டிக்கு வாங்கியது. ஆலை வந்ததும் அதையே பேங்கில் அடமானம் வைத்துக் கடனை அடைத்துவிடலாம் என்பது கணக்கு. நம்மாட்களோ மாட்டுச்சந்தைப் பழக்கத்தில், பங்குக்கும் துண்டுக்குள் விரல் பிடித்தே விலை பேசினார்கள். பக்கத்துக் காட்டுக்காரன் என்ன விலைக்கு விற்றான் என்பது எவனுக்கும் தெரியவில்லை. இப்படியே கொழுந்தன் கந்தப்பன் உட்பட பதினான்கு பேர் விற்று, அறுபது பங்கு கைமாறிவிட்டது. சௌந்திரம் துண்டுக்குள் கையே விடவில்லை.

மூன்றே மாதத்தில் தங்கமுத்து கிழங்கு விலையில் கால்வாசியை வெட்டினார். கடன்காரன் நெருக்குகிறான், பாவம் அவரும் என்ன செய்வார் என்று கந்தப்பன் பரிந்து பேசினான். சௌந்திரத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் பட்ட கடனுக்கு நம் கிழங்கு ஏன் வட்டி கட்ட வேண்டும் என்று வீடுவீடாகப் போய்க் கேட்டாள். பிடுங்கிய கிழங்கு இரண்டு நாளில் கறுத்துப்போகும். பிடுங்காதது மாதக்கணக்கில் மண்ணுக்குள் கெடாமல் கிடக்கும். இந்த வருஷம் யாரும் கை வைக்கக் கூடாது என்றாள். பங்கை விற்று ஏமாந்தவர்களுக்குத்தான் முதலில் ரோஷம் வந்தது.

தையில் பிடுங்க வேண்டியது சித்திரை தாண்டியும் நின்றது. வெளியூர்க் கிழங்கை ஏற்றி வந்து பார்த்த தங்கமுத்துவை லாரி வாடகை தின்றது. ஓடாத ஆலைக்கு எந்த பேங்கும் பணம் தரவில்லை. கோடை மழையில் இவர்கள் கிழங்கிலும் மாவுச்சத்து இறங்கிப்போனது. சௌந்திரம் கறவை எருமையை விற்று அடுப்பெரித்தாள். ஆனால் ஒருத்தரும் மண்வெட்டியைத் தொடவில்லை. வட்டி மட்டும் ஒருநாள்கூட லீவு போடாமல் ஏறியது.

ஒருநாள் காலையில் தங்கமுத்துவே அவள் வீட்டுக்கு வந்தார். பழைய விலையே தருகிறேன், பிடுங்கச் சொல்லுங்கள் என்று கெஞ்சினார்.

“பழைய வெல வேண்டாமுங்க. வாங்குன பங்கைத் திருப்பிக் குடுங்க,” என்றாள் சௌந்திரம்.

“பணம் எங்கிருக்குது அம்மணி உங்ககிட்ட?”

“மண்ணுக்குள்ள இருக்குதுங்க. நீங்க குடுத்த வெலைல பாதி. கெழங்க அரைக்க அரைக்கத் தவணையாத் தாரோம். கடன் வாங்கியெல்லாம் தர மாட்டோமுங்க.”

பாதி விலைக்குக் கொடுத்தால் கடன்காரனுக்கு என்ன பதில் சொல்வேன் என்றார் அவர்.

“கடன் உங்களுதுங்க. கெழங்கு எங்களுது.”

நாலாம் நாள் பங்குப் பத்திரங்களோடு வந்தார். அன்று மத்தியானமே சௌந்திரத்தின் காட்டில் கிழங்கு பிடுங்க ஆள் இறங்கியது.