வலது பக்கத்துக் கப்பல்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எனக்கு வரைபட ஆபீசில் வேலை. ஒரு கோடு என்றால் அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்டியாக வேண்டும். தினமும் படுக்குமுன் டைரி எழுதுகிறவன், நடக்காததை அதில் ஒரு வரிகூடச் சேர்த்ததில்லை. இதையும் அப்படியே சொல்கிறேன். நீங்கள் நம்பாவிட்டால் போகட்டும், எனக்கே இதை நினைத்தால் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

எண்பதுகளின் தொடக்கம். என் மனைவியின் தம்பி சங்கரன் பம்பாயிலிருந்து ஒரு பழைய வீடியோ கேம் பெட்டியை லாரியில் கொண்டுவந்து, பழவங்காடியில் ஒரு தேங்காய்க் கடைக்குப் பின்னால் அறை பிடித்து வைத்தான். ஆள் உயரப் பெட்டி. கறுப்புத் திரையில் வெறும் வெளிச்சக் கோடுகளால் ஆன இரண்டு கப்பல்கள், நடுவே ஒரு சூரியன். சூரியன் இரண்டையும் இழுத்துக்கொண்டே இருக்கும். அதற்கும் தப்ப வேண்டும், எதிராளியையும் சுட வேண்டும். தனியாக ஆட முடியாது. கூட ஆட ஆள் வராத நாட்களில் அந்த இரண்டாவது ஆள் நான்தான், ஆபீஸ் விட்டு நேரே அங்கே போவேன்.

இடது பக்கம் நான், வலது பக்கம் அவன். ஒரு தடவைகூட நான் ஜெயித்ததில்லை. வீட்டில் தாளில் பாதை வரைந்து பார்த்துவிட்டுப் போவேன், அப்படியும் தோற்பேன். அவன் வித்தை ஒன்றே ஒன்றுதான். எஞ்சினை அணைத்துவிட்டுச் சூரியனுக்குள் விழப்போகிற மாதிரி விழுவான். கடைசி நொடியில் வாலில் ஒரு சின்ன நெருப்பு, சுற்றி வந்து என் முதுகுக்குப் பின்னால் நிற்பான். சுட்டு முடித்ததும் தன் கப்பலை அப்படியே நிதானமாக ஒரு முழுச் சுற்று திருப்புவான். தோற்றதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அந்தச் சுற்றைத்தான் என்னால் தாங்க முடியாது.

"மாப்ளே, ஒரே ஒரு தடவை எனக்கு விட்டுக் குடேன்லே."

"விட்டுக் குடுத்தா அது ஜெயமா அத்தான்? அதை மட்டும் செய்ய மாட்டேன், கேட்டியளா. நீங்களே எடுக்கணும்."

"எப்பலே எடுக்க? பென்ஷன் வாங்கின பொறவா?"

"சாரமில்ல, மெதுவா எடுங்க. அதுவரைக்கும் நான் இருப்பேம்லா."

இருக்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில், கல்லாற்றில் குளிக்கப் போனவனை வெள்ளம் கொண்டுபோனது.

கடையை மூடினோம். பெட்டியை வாங்க நாகர்கோவிலிலிருந்து ஒருவர் வருவதாக இருந்தது. மெக்கானிக் விஜயன், வலது பக்கப் பொத்தான்கள் தேய்ந்துவிட்டன என்று அத்தனையையும் கழற்றிக்கொண்டு போயிருந்தான். அந்த இடத்தில் வெறும் துளைகள். ஞாயிற்றுக்கிழமை மதியம், திரை ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க நான் மட்டும் போனேன். நல்ல மழை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஆட்டத்தைத் தொடங்கினேன்.

வலது கப்பலை ஓட்ட யாருமில்லை, அது சூரியனில் விழுந்து சிதற வேண்டும். முதலில் சிதறத்தான் செய்தது. இரண்டாவது தடவையும் விழுந்தது, விழுந்துகொண்டே போய், கடைசி நொடியில் வாலில் ஒரு சின்ன நெருப்பு. சுற்றி வந்து, பின்னால் நின்று, என்னைச் சுட்டது. பிறகு நிதானமாக ஒரு சுற்று.

பயந்தேன் என்று சொன்னால் பொய். கோபம்தான் வந்தது. "செத்தும் விட மாட்டியாலே!" என்று கத்தினேன். குனிந்து துளைகளுக்குள் பார்த்தேன், ஒயர் நுனிகள் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன. சரி, வா என்று ஆடினேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள ஆடினேன். மறுபடி மறுபடி தோற்றேன், ஒவ்வொன்றுக்கும் அந்தச் சுற்று.

ஆட்ட நேரம் முடியப்போகும்போது அது இன்னொரு தடவை சூரியனைச் சுற்றி வந்தது. இந்தத் தடவை என் பின்னால் போகவில்லை. எனக்கு நேர் எதிரே வந்து, எஞ்சினை அணைத்துவிட்டு மிதந்தது. என் கப்பலிலிருந்து குண்டு பாய்ந்தது. அதன் கோடுகள் தனித்தனியாகக் கழன்று இருட்டில் போயின.

என் முதல் ஜெயம். சந்தோஷமே இல்லை. "விட்டுக் குடுத்துட்டியேலே" என்று இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டேன். விரல் இடுக்கில் பார்த்தால், தொட ஆளில்லாத என் கப்பல், இடது பக்கத்துக் கப்பல், நிதானமாக ஒரு முழுச் சுற்று திரும்பிக்கொண்டிருந்தது.

மறுநாள் விஜயனிடம் சொன்னேன். சிரித்தான். "சாரே, தொங்குன ஒயரல்லே? மழை ஈரத்துல ஷார்ட் ஆகும். இதுக்குப் போய் பயந்தா எப்படி?"

"அப்போ என் பக்கம்?"

திறந்து ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுப் பார்த்தான். "சாரோட பக்கம் ஒரு குழப்பமும் இல்ல" என்றான். அதற்குப் பிறகு அவன் சிரிக்கவில்லை.

பெட்டி நாகர்கோவிலுக்குப் போய்விட்டது. அன்றைய டைரியில் 'ஜெயித்தேன்' என்று எழுதி, நானே அதைக் கோடு போட்டு அடித்திருக்கிறேன். சங்கரன் விட்டுக் கொடுக்கிறவன் இல்லை. அந்த மதியத்தில் நான் அழுத்திய ஒவ்வொரு பொத்தானும், எந்த விரலால் என்பது வரை, எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்தக் கடைசிக் குண்டுக்கு நான் பொத்தானை அழுத்தியது மட்டும், எவ்வளவு யோசித்தும், ஞாபகத்தில் இல்லை.