அண்ணனுக்கு நான் எழுதிய காரணம்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ரேஷன் கார்டு திருத்தம், முதியோர் பென்ஷன் மனு என்று எங்கள் தெருவில் யாருக்கு எது வேண்டுமானாலும் நான்தான் எழுதிக் கொடுப்பேன். அதில் எனக்குக் கர்வம் உண்டு. அண்ணனின் இறப்பைப் பதியும் படிவத்தையும் நான்தான் எழுதினேன்.

அண்ணன் அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினான். முதலில் முதுகு வலிக்கு மாத்திரை. பிறகு வலி இல்லாத நாளிலும் மாத்திரை. கடைசியில் ஊசி. ஒரு மத்தியானம் சாப்பிடக் கூப்பிடப் போனேன். கொல்லைக் கொட்டகையில் சாய்ந்து கிடந்தான். உடம்பு சில்லிட்டிருந்தது. கையில் ஊசி அப்படியே இருந்தது. அம்மா பார்ப்பதற்குள் எடுத்துவிட நினைத்தேன். அம்மா எனக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள்.

ஊருக்கு நெஞ்சுவலி என்று சொல்லி மறுநாளே அடக்கம் செய்தோம். காரியம் முடிந்ததும் அம்மாவும் நானும் விஏஓ ஆபீசுக்குப் போனோம்.

"படிச்ச புள்ளதான, நீயே எழுதிக் குடும்மா" என்று படிவத்தை நீட்டினார் அங்கிருந்தவர்.

பெயர், வயது, முகவரி எல்லாம் எழுதினேன். 'இறப்புக்கான காரணம்' என்ற கட்டத்தில் பேனா நின்றது. அம்மா என் காதருகே குனிந்தாள்.

"நெஞ்சுவலின்னே எழுதுடி."

"அது பொய்ம்மா."

"நாளைக்கு உன்னப் பொண்ணு பாக்க வரவன் அவன் சாவு சர்ட்டிபிகேட்ட வாங்கிப் பாத்தா? ஊசி போட்டுச் செத்தவன் தங்கச்சிம்பான். அவந்தான் போயிட்டான், பேரயாச்சும் வுட்டு வையி."

எழுதினேன். பிசிறில்லாத கையெழுத்தில் எழுதினேன். சான்றிதழ் வந்தபோது பிரிக்காமல் அம்மாவிடம் கொடுத்தேன். என் பொய்யை அச்சில் பார்க்கத் தைரியம் இல்லை.

இப்போது பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் முதுகலை படிக்கிறேன். போன மாதம் வகுப்பில் ஒரு பட்டியல் கொடுத்தார்கள். போதை மருந்து அளவு மீறி நாடு முழுவதும் வருஷா வருஷம் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற பட்டியல். அதைக் கோடாக வரைய வேண்டும். என் கோடு ஏறி, சில வருஷங்களில் இறங்கியது.

"கொறையுதுங்க சார். நாடு திருந்திடுச்சு" என்றான் பின்வரிசையில் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். சாரும் சிரித்தார்.

"அவசரப்படாத தம்பி. சாவு கொறஞ்சாலும் கோடு எறங்கும், எழுதுறது கொறஞ்சாலும் எறங்கும். ஊசி போட்டுச் செத்தவனுக்கு வீட்டுல மாரடைப்புன்னு எழுதிக் குடுத்துட்டா, அவன் இந்தக் கோட்டுல எங்க இருப்பான்?"

வகுப்பு முடிந்ததும் அவரிடம் போனேன்.

"அந்தக் காரணம் வீட்டுக்குத் தர சான்றிதழ்ல இருக்குமா சார்?"

"இருக்காதும்மா. அது கணக்கெடுக்க மட்டுந்தான் போவும்."

ஊருக்கு வந்து அம்மாவின் பெட்டியைத் திறந்து சான்றிதழை எடுத்தேன். அண்ணன் பெயர், அப்பா பெயர், தேதி, ஊர். காரணம் என்று ஒரு கட்டமே இல்லை. முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் சொன்னேன். கருத்த விரல்களைப் புடவையில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அப்ப ஊசின்னு எழுதியிருந்தாலும் யாரும் பாத்திருக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்கம்மா."

"நீ படிச்சவதான. அன்னிக்கே சொல்லியிருந்தா நெசத்தையே எழுதச் சொல்லியிருப்பேனே."

குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. படிவத்தில் எழுதுவது எங்கே போகும் என்று எனக்குத் தெரியும் என அவள் உண்மையாகவே நம்பியிருந்தாள்.

அடுத்த கொட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டாள். "இப்பப் போயி மாத்த முடியுமா?"

நாங்கள் சொன்னதைத் தவிர ஆதாரம் எதுவும் இல்லை. ஊசியை நானே எரித்திருந்தேன்.

"தெரியலம்மா" என்றேன். எழுத்து விஷயமாக அம்மா ஒன்று கேட்டு, நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.