மலை அணில் எப்படிக் கத்தும்

ஓய்வுபெற்ற தாலுகா அலுவலகக்காரனிடம் கவிதை கேட்டால் என்ன கிடைக்கும் என்று எங்கள் இயற்கை மன்றத்தார் யோசிக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்தில் ஒரு காட்டு நடைபாதை. ஏழு இடங்களில் பலகை, பலகையில் என் கவிதை, பக்கத்தில் ஒரு பெட்டி. அதிலுள்ள ஹெட்போனை மாட்டினால் அதே இடத்தில் விடிகாலையில் நான் பதிவுசெய்த ஓசை கேட்கும். ஒலிபெருக்கி வைத்தால் பறவைகள் ஏமாந்துபோகும் என்று வனத்துறை அனுமதியிலேயே தடை இருந்தது. நியாயமான தடைதான், என் பணிக்காலத்தில் அப்படியும் ஒன்றிரண்டைப் பார்த்திருக்கிறேன்.

திறப்புக்கு முன்பு மச்சானை அழைத்துப்போனேன். என் மனைவியின் அண்ணன். இராஜபாளையம் நூற்பாலையில் முப்பது வருடம் எந்திரங்களுக்கு நடுவே நின்று காதைப் பறிகொடுத்தவர். உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார். காது கேளாதவரை ஓசை நடைக்கு அழைத்தது, கவிதை இருக்கிறதே என்ற தைரியத்தில்.

“கேள், காடு பேசுகிறது” என்று தொடங்கிய முதல் பலகையை நிதானமாக வாசித்தார். ஹெட்போனை மாட்டிப் பார்த்துக் கழற்றினார்.

“என்ன பேசுது மாப்ள?”

“மலை அணில், மச்சான்.”

“அதான் படம் போட்டிருக்கே. எப்படிக் கத்தும்னு எழுதலையே. காது உள்ளவன் கேட்டுக்கிடுவான், அவனுக்கு எதுக்கு ஒங்க கவிதை?”

ஏழு பலகையும் அப்படித்தான். நான்காவதோடு அவர் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

“நீங்க போயிட்டு வாங்க. தொறப்புக்கும் என்னய எதிர்பாக்காதீங்க. ஊமைப்படம் பாக்க அம்புட்டு தூரம் எதுக்கு?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஒப்புதல் பெற்ற வாசகத்தை மாற்றினால் மறுபடியும் ஒப்புதல் வேண்டும். கோப்பை முதலிலிருந்து நகர்த்தினேன். திறப்பு தள்ளிப்போனது, மன்றத்தார் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஏழு கவிதைகளையும் அடித்துவிட்டு, அவர் கைக்கும் காலுக்கும் தெரிந்ததைக் கொண்டு எழுதினேன்.

திறப்பன்று அவரை வண்டியில் ஏற்ற என் மனைவிதான் வேண்டியிருந்தது. முதல் பலகையின் முன் வேண்டாவெறுப்பாக நின்றார்.

பல் தேய்ந்த சக்கரம்
இரும்பில் வைத்த கைக்குள்
விட்டுவிட்டுத் துள்ளுமே
அப்படி ஓர் அணில்.

இரண்டு முறை வாசித்தார்.

“கியர் வீல் போச்சுன்னா இப்படித்தான் துள்ளும். அணிலா அம்புட்டு சத்தம் போடுது?”

“அம்புட்டும் அதுதான்.”

கழுத்து வலிக்கும்வரை மரக்கிளைகளை அண்ணாந்து பார்த்தார். அணில் ஒன்றும் தென்படவில்லை.

“அடுத்த பலகை எங்கன இருக்கு?” என்று கேட்டவர், நான் கை காட்டும் முன்பே நடந்துவிட்டார்.