எட்டுக் குழி விளக்கின் கரி

கோகிலவாணிக்கு மங்கின பித்தளையைக் கண்டால் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடந்த கூத்துக்கெல்லாம் காரணம் அதுதான். எங்கள் அருங்காட்சியகத்துக்கு வருவதற்கு முன்னால் சங்ககிரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பதினோரு வருஷம் அண்டாவும் குத்துவிளக்கும் தேய்த்தவள். அவள் தேய்த்த விளக்கில் மாப்பிள்ளை முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம் என்று அங்கே சமையல்காரர்கள் கேலி பேசுவார்களாம். அவளுக்கு அதில் பெருமைதான். வீட்டுக்காரர் தனபால் லாரி டிரைவர். மாதத்தில் இருபது நாள் வடக்கே ஓடுவார், மீதிப் பத்து நாள் தூங்குவார்.

அருங்காட்சியகம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு போகிற ரோட்டைவிட்டு ஒரு மைல் உள்ளே தள்ளி நிற்கும் பழைய ஓட்டு வீடு. ஜெர்மனியில் யூதர்களை வாழவிடாத காலத்தில் டாக்டர் லெவின் மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு தப்பி வந்து, பாம்புக்கடிக்கும் காய்ச்சலுக்கும் முப்பது வருஷம் மருந்து கொடுத்த வீடு. வாசலில் 'யூதர் மரபு அருங்காட்சியகம்' என்று போர்டு இருக்கும். உள்ளே அவருடைய ஸ்டெதாஸ்கோப், தொழுகையின்போது போர்த்திக்கொள்ளும் சால்வை, கப்பல் டிக்கெட், சுவர் நிறைய போட்டோக்கள். நான் சந்திரசேகர், இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ரிடையர் ஆனவன். பொறுப்பாளர், வழிகாட்டி, மைக் செட்காரரிடம் சண்டை போடுகிறவன், எல்லாம் நானே.

கோகிலவாணி இங்கே வந்து மூன்று வருஷம். பெருக்குவது, கண்ணாடிப் பெட்டிகளைத் துடைப்பது, நிகழ்ச்சி என்றால் பலகாரம் சுடுவது. பெட்டிச் சாவிக்கொத்தும் அவள் இடுப்பில்தான். மண்டபத்தில் அவளை 'ஏய்' என்றுதான் கூப்பிடுவார்களாம். இங்கே பள்ளிப் பிள்ளைகள் 'அக்கா, இது என்னங்க்கா?' என்று கேட்பார்கள். அவளும் நான் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, 'இது அவங்க கல்யாணப் பத்திரம் சாமி, தொடக்கூடாது' என்று விளக்கம் சொல்வாள். சில சமயம் என்னைவிட நன்றாகவே சொல்வாள். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. 'சாகற வரைக்கும் இந்த வேலை இருந்தாப் போதுங்க சார்' என்று என்னிடம் இரண்டு முறை சொல்லியிருக்கிறாள்.

யூதர்களுக்கு மார்கழி வாக்கில் ஹனுக்கா என்று எட்டு நாள் விளக்குப் பண்டிகை. முதல் நாள் ஒரு விளக்கு, மறுநாள் இரண்டு என்று கூடிக்கொண்டே போய், எட்டாம் நாள் எட்டும் எரியும். அந்த எட்டாம் நாளில்தான் நாங்கள் வருஷா வருஷம் விழா நடத்துவோம். அகல் விளக்கு, படக்காட்சி, பிள்ளைகளின் பாட்டு, உருளைக்கிழங்கு அடை, கூடவே கோகிலவாணி வெல்லம் போட்டுச் சுடும் கச்சாயம். எண்ணெயில் பொரித்ததுதான் அந்தப் பண்டிகைக்கு விசேஷம் என்றதும், 'அப்படின்னா நம்ம பண்டிகைதானுங்க' என்றாள்.

போன வருஷ விழாவுக்கு டாக்டரின் மகளே வருவதாகச் சொன்னார். மிரியம், வயது எண்பத்தொன்பது, பெங்களூரில் இருக்கிறார். இந்த ஊரில் வளர்ந்தவர், ஊருக்கு அவர் மாரியம்மா. போனில், 'எங்கம்மாவோட வெளக்கை மட்டும் பொட்டியிலிருந்து எடுத்து மேசை மேல வைங்க. இனி எப்ப வரப்போறனோ' என்றார். எட்டுக் குழி வைத்த பித்தளை விளக்கு அது. நான் கோகிலவாணியைக் கூப்பிட்டு, 'நாளைக்கு அந்த விளக்கை மேசைமேல வைக்கணும், தயார் பண்ணு' என்று சொல்லிவிட்டு மைக் செட்காரரைத் தேடிப் போனேன்.

திரும்பி வந்தால் விளக்கு மேசைமேல் தகதகவென்று நிற்கிறது.

'என்ன பண்ணித் தொலைச்சே?'

'புளி போட்டுத் தேச்சனுங்க சார். ஒரே கரி! ஒரு கிண்ணம் புளி தின்னுப்போச்சு. அந்தம்மா வாரப்ப வெளக்கு அப்படி இருந்தா நம்ம மானம் போயிருமில்லீங்களா?'

அந்தக் கரிதானே காட்சிப்பொருள்! டாக்டரின் மனைவி, கணவனையும் குழந்தையையும் ஊரைவிட்டு அனுப்புவதற்கு முந்தின நாள் மாலை கடைசியாக ஏற்றிய எட்டுத் திரியின் கரி அது. மறுநாள் அவர்களை ரயிலேற்றிவிட்டு, தன் அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு அடுத்த கப்பலில் வருவதாகச் சொல்லி அங்கேயே தங்கினார். வரவில்லை. எப்படிச் செத்தார் என்று ஒரு கடுதாசிகூட இல்லை. டாக்டர் சாகும்வரை அந்தக் கரியைத் தொடவிடவில்லை, மகளும் தொடவில்லை. இதையெல்லாம் நான் கத்திக் கத்திச் சொன்னேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

'இதை நீங்க ஒரு நாளும் சொன்னதில்லீங்களே சார்.'

'அட்டையில எழுதி வச்சிருக்கேனே!'

'அது இங்கிலீசுல இருக்குதுங்க.'

அழகான நடையில் எழுதின அட்டை. நாலு பேர் பாராட்டியிருக்கிறார்கள். தினமும் அந்தக் கண்ணாடியைத் துடைக்கிறவளுக்கு மட்டும் அதில் ஒரு எழுத்து தெரியாது.

பயத்தில் எனக்குத்தான் கள்ளப் புத்தி வந்தது. சிம்னி விளக்கின் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தச் சுடர்மேல் பித்தளை விளக்கைக் காட்டினால் அரை மணி நேரத்தில் கரி ஏறிவிடும், மிரியம் அம்மாவுக்கோ கண் சரியாகத் தெரியாது என்றேன். கோகிலவாணி அழுதுகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

'அது அவங்கம்மா கரி ஆகுமுங்களா? நான் பண்ணுன தப்பை நானே சொல்லிப்போடறனுங்க. வேலை போனாப் போவுது, மண்டபம் இருக்குது.'

அவளை 'ஏய்' என்று கூப்பிடுகிற மண்டபம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மறுநாள் மதியம் மிரியம் வந்தார். காரிலிருந்து இறங்கி ஊன்றுகோலோடு படியேறும்போதே கோகிலவாணி குறுக்கே போய் நின்று, கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை, என் பேரையும் இழுக்கவில்லை. மிரியம் உள்ளே போய், மேசைமேல் இருந்த விளக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் அதையே தடவினார்.

'போச்சே' என்றார். 'எங்கம்மான்னு எனக்கு இருந்தது அது ஒண்ணுதானே. முகங்கூட நெனப்பில்லையே.' அவர் அழுதபோது யாரும் பக்கத்தில் போகவில்லை. போகத் தைரியமில்லை.

அப்புறம் கோகிலவாணிதான் மெதுவாகப் போய்ப் பக்கத்தில் குந்தினாள். 'எட்டாவது குழிக்குப் பொறத்தால பாருங்கம்மா. அந்தச் சந்துல என் வெரல் போகலீங்க. குச்சி வச்சுத் தேய்க்கலாம்னு இருந்தேன், அதுக்குள்ள சார் வந்துட்டாரு.'

நான் செல்போன் லைட்டைப் பிடித்தேன். மிளகளவு கறுப்பு இருந்தது. மிரியம் அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார், பிறகு கோகிலவாணியின் கையை இழுத்து வைத்துப் பார்த்தார். புளி அரித்து விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது.

'இன்னிக்கு இதுலயே ஏத்தலாம்' என்றார். 'இனிமேப் பொத்திப் பொத்தி வச்சு என்னத்துக்கு?'

விளக்கு ஏற்றும் நேரத்துக்கு எண்ணெய் ஊற்றியது கோகிலவாணி, திரி போட்டது மிரியம். பிள்ளைகள் பாடினார்கள். மைக் இரண்டு தடவை ஊளையிட்டது. கச்சாயம் பத்தாமல் போய்விட்டது. அவளுடைய வேலையைப் பற்றி மிரியம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை. கோகிலவாணி வீட்டுக்குப் போகும்போது பெட்டிச் சாவிக்கொத்தை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

காலையில் நான் வந்தபோது ராத்திரி அந்த வீட்டிலேயே தங்கிவிட்ட மிரியம், பின்புறம் குழாயடியில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் அந்த விளக்கு, எட்டுக் குழியிலும் நேற்றைய கரி. பக்கத்தில் கிண்ணத்தில் புளி ஊறிக்கொண்டிருந்தது. கேட் அருகே தயங்கி நின்ற கோகிலவாணியைப் பார்த்து, 'இங்க வா சாமி' என்று கூப்பிட்டார்.

அவள் ஓடிப்போய் விளக்கை வாங்கக் கை நீட்டினாள். 'குடுங்கம்மா, நான் தேச்சுத் தாரேன்.'

மிரியம் கொடுக்கவில்லை. 'வெளக்கு எரிஞ்ச மறுநா காலைல தேச்சுப்போடோணும்னு எங்கம்மாவுக்கு ஒரே புடிவாதமாமா. அப்பா சொல்லுவாரு. அன்னிக்கு விடியறதுக்குள்ள வண்டி வந்திருச்சு. கரியோட பொட்டியில வச்சுட்டாங்க, அங்க போய்த் தேச்சுக்கலாம்னு சொல்லி.' புளியை எடுத்து முதல் குழியில் வைத்து அழுத்தினார். 'நீ தண்ணி ஊத்து. இது அவங்க வந்து செய்யறேன்னு சொன்ன வேலை.'

கோகிலவாணி சொம்பை எடுத்தாள். எட்டாவது குழிக்கு வந்ததும் மிரியம் கையை நிறுத்திக்கொண்டார், அந்தச் சந்தை மட்டும் இருவரும் தொடவில்லை. நான் உள்ளே போய்ச் சாவிக்கொத்தை எடுத்துவந்து அவள் பக்கத்தில் வைத்தேன்.