ஒரே பேர்ல மூணு ‘தேடு’

புரோகிராம் எழுதுற பொழப்பு உங்களுக்குத் தெரியாததா? ஓடினா ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க, நின்னா மட்டும் நம்ம பேரு எல்லாருக்கும் ஞாபகம் வந்துரும். இருந்தாலும் நான் எழுதினதுல எனக்குப் பெருமைதான், மறைக்க மாட்டேன்.

புங்குஸ்

புந்தோங்ல ஒரு கிளினிக். நோயாளியைத் தேட அங்க மூணு பட்டன்: அடையாள அட்டை எண்ணுக்கு ஒண்ணு, பேருக்கு ஒண்ணு, பேரோட அப்பா பேரும் சேர்த்துத் தேட ஒண்ணு. கவுண்டர்ல இருக்கிற லீமா அக்கா தப்புப் பட்டனை அமுக்கி அமுக்கி நொந்து போயிட்டாங்க. நான் ஒரே கட்டமா மாத்தினேன். உள்ளே ‘தேடு’ங்கிற ஒரே பேர்ல மூணு மெத்தட், அதாவது தேடுறதுக்கு மூணு வழி. எதைக் குடுக்கிறோமோ அதுக்கேத்தது ஓடும். இது நல்லா ஓடினா டாக்டர் தாப்பா ஊர்ல இருக்கிற தன்னோட இன்னொரு கிளினிக் வேலையையும் எனக்கே தருவார். இல்லன்னா கோலாலம்பூர் ஆளுங்களுக்குப் போயிரும்.

ஒரே பேர்னா குழம்பாதான்னு அக்கா கேட்டாங்க. “கடையில ரொட்டியைக் காட்டி புங்குஸ், அதான் பார்சல்னா, தாள்ல மடிக்கிறான், தேத்தண்ணியைக் காட்டி புங்குஸ்னா பையில ஊத்திக் கட்டுறான். குழம்புறானா?”ன்னேன்.

“அட, அவனுக்கே தெரியுதுன்னா கம்ப்யூட்டருக்குத் தெரியாதா லா!”

காணாமப் போன பொண்ணு

முதல் நாள் காலையில காய்ச்சலோட ஒரு காலேஜ் பொண்ணு. எண்ணைத் தட்டினா ‘இல்லை’ங்குது. டாக்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிறார். அட்டையை வாங்கிப் பார்த்தப்புறம்தான் விளங்குச்சு. அடையாள எண் பிறந்த வருஷத்துல ஆரம்பிக்கும், இவளுக்கு 03. நான் அதை வெறும் நம்பரா எடுத்ததுல முன்னாடி இருந்த பூஜ்யம் பறந்து போச்சு. சோதிச்சதெல்லாம் என் வீட்டாளுங்க எண்ணை வச்சு. ஒருத்தர்கூட ரெண்டாயிரத்துக்கு அப்புறம் பிறக்கலை!

“போன மாசம்தான் இங்க ஊசி போட்டுக்கிட்டேன், இப்போ நான் இல்லாத ஆளா அக்கா?”ன்னு அந்தப் பொண்ணு கேட்டா.

வீம்பு

சரி, எண்ணை எழுத்தாவே எடுத்துக்கலாம்னு மாத்தினேன். எழுதினதைச் சரிபார்த்து ஓட வைக்கிற கம்பைலர் முரண்டு பிடிச்சுது. பேரும் எழுத்து, எண்ணும் எழுத்து. ஒரே பேர்ல ஒரே வகைக்கு ரெண்டு ‘தேடு’ ஆகாதுன்னுருச்சு. ஒண்ணுக்குப் பேரை மாத்தினா முடிஞ்சுது. என் வீம்பு விடுமா? அங்கேயே உட்கார்ந்து அடையாள எண்ணுக்குன்னே தனி வகை ஒண்ணு எழுதினேன். பூஜ்யம் நின்னுச்சு, பொண்ணு கிடைச்சா. மத்தியானம் வரைக்கும் ஒரு தடங்கலும் இல்லை. டாக்டர் வெளியே வந்தார்.

“தாப்பாவுக்கு எப்போ போறே கவிதா?”

தாப்பா

அங்க புதுசா வந்த பொண்ணுக்குச் சொல்லிக் குடுக்க லீமா அக்காவையே கூட்டிட்டுப் போனேன். பட்டன் எங்கேன்னு அது தேடுது. அக்கா சிரிச்சாங்க.

“பட்டனெல்லாம் இல்ல லா. கையில இருக்கிறதைத் தட்டு, உள்ளே நம்ம கவிதா பார்த்துக்கும்!”

போன மாசம் என் அண்ணனுக்குப் பிள்ளை பிறந்தப்போ எல்லாரும் என்ன பேருன்னு கேட்டாங்க, நான் மட்டும் சோதிச்சுப் பார்க்க அடையாள எண்ணைக் கேட்டேன்.